நான்காவது கால்பகுதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கூட்டத்தில் கிடைத்தது. ஊர்காவற்றுறையில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணியில், இந்த வருடத்துச் சிறந்த தடுப்பாட்ட வீராங்கனை யார் என்று தீர்மானிக்க மூன்று பேர் கூடினோம். பயிற்சியாளர் கோசலா ரீச்சர், விளையாட்டுக்குப் பொறுப்பான நிமலன் சேர், மூன்றாவதாக நான். "நீர் கதை எழுதிறனீர். உமக்கு மனுசரை விளங்கும்" என்று சொல்லித்தான் ரீச்சர் கூப்பிட்டார். எழுதுகிறவர்களைப் பற்றி ஊரில் இப்படியொரு நம்பிக்கை இருக்கிறது. என் வீட்டில் இல்லை.

(பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்பது எங்கள் பழக்கம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

பரிசுக்கு இரண்டு பேர். சுருவில் ஊர்ப் பவதாரணி, நெடுந்தீவிலிருந்து வரும் யூலியட்.

2

"கடல் அன்று அமைதியாக" என்று முதலில் தொடங்கினேன். வேண்டாம். நான் கடலைப் பார்க்கவில்லை. யூலியட் விளையாடுவதைத்தான் பார்த்தேன்.

அவள் துள்ள மாட்டாள், பந்தைப் பறிக்கவும் மாட்டாள். பந்தோடு வருகிறவளுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நிற்பாள். வந்தவள் இடப்பக்கம் போனால் அங்கே யூலியட். வலப்பக்கம் போனால் அங்கேயும் யூலியட். கடைசியில் அலுத்துப்போய்ப் பந்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். கைதட்டல் கிடைக்காத விளையாட்டு அது.

ஆனால் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும் யூலியட் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குக் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும். தாய் இல்லை. வீட்டில் தகப்பன் இன்னாசித்தம்பி மூச்சிழுப்பு வருத்தத்தோடு தனியே இருப்பார். அவள் போன பிறகு இரண்டு பேரின் வேலையையும் பவதாரணி ஒருத்தியே பார்ப்பாள். விழுவாள், எழும்புவாள், முழங்கால் உரஞ்சுப்பட்டுக்கொண்டே நிற்பாள்.

இப்போது சொல்லுங்கள், பரிசு யாருக்கு? (அவசரப்பட வேண்டாம். நாங்களும் இந்த இடத்தில் அவசரப்பட்டோம்.)

3

"யூலியட் நிக்கும்மட்டும் எங்களுக்கு எதிரா ஆர் கூடை போட்டவை? அவ போனாப் பிறகுதானே எல்லாம் உடையிறது" என்றார் ரீச்சர்.

"உடைஞ்சதைத் தாங்கிக்கொண்டு நிண்டது ஆர்? பவதாரணி. ஒரு ஆட்டமாவது முழுசா விளையாடியிருக்க வேணுமெண்டு விதி இருக்கு, ரீச்சர்" என்றார் நிமலன் சேர்.

"ஒண்டு விளையாடினவதானே. இறுதி ஆட்டம்."

சேர் தலை குனிந்துகொண்டார்.

4

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிக் கிழித்தேன்.

இறுதி ஆட்டத்தில் மூன்றாவது கால்பகுதி முடியும்போது மயிரிழையில்தான் முன்னுக்கு நின்றோம். யூலியட் சப்பாத்து நாடாவில் கை வைத்தாள். பவதாரணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"இண்டைக்கு மட்டும் நில்லடி. இரவைக்கு எங்கடை வீட்டிலை படு. காலமை முதல் படகிலை போகலாம்."

யூலியட் ரீச்சரின் ஃபோனில் தகப்பனைக் கேட்டாள். அவர் ஓம் என்றுவிட்டார். நின்றாள். அந்தக் கால்பகுதியில் எதிரணி ஒரு கூடையும் போடவில்லை. வென்றோம்.

விடியப்புறம் இன்னாசித்தம்பிக்கு இழுப்புக் கூடியிருக்கிறது. காலையில் பால் கொண்டுவந்த பக்கத்துவீட்டு ஆச்சிமுத்து கண்டபோது அவர் கதிரையில் சாய்ந்து இருந்தபடியே போய்விட்டிருந்தார். முதல் படகில் யூலியட் போய் இறங்கியபோது ஊர்ச்சனம் இறங்குதுறைக்கே வந்து நின்றது.

[கதையில் படகைப் பிந்தவைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. "அன்று படகின் இயந்திரம் பழுதாகி, ஆட்டம் முடியும்வரை" என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, அழித்துவிட்டேன். இன்னொரு முடிவில் யூலியட் வழக்கம்போல ஓடிப்போகிறாள், தகப்பன் பிழைக்கிறார், நாங்கள் தோற்கிறோம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. என்ன செய்ய, நடக்கவில்லை.]

5

நிமலன் சேர்தான் பேசினார். "விதி கிடக்கட்டும் தம்பி. அந்த ஆட்டத்தைச் சொல்லித்தான் மேடையிலை பேர் கூப்பிடுவினம். சபை முழுக்கத் திரும்பிப் பாக்கும். தேப்பன் சாகக்கிடக்க விளையாடினவ எண்டு ஆரும் ஒராள் சொல்லும். அந்தப் பிள்ளையை அதுக்குள்ளை நிப்பாட்ட எனக்கு மனமில்லை."

அவரை விதி பேசுகிற மனிதராக மேலே எழுதியிருக்கிறேன். திருத்தப் போவதில்லை. நான் அவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அப்ப, அவ அண்டைக்கு நிண்டதை ஆர்தான் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு ரீச்சர் அழுதார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன். வாசலில் பவதாரணி மறித்தாள். "அண்ணை, எனக்குத் தந்தா நான் மேடையிலை ஏறமாட்டன். அவளை நிண்டுபோகச் சொன்னது நான்தானே" என்றாள். அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

6

குறிகட்டுவானுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து யூலியட் பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தாள். வீடு திரும்பும் படகுக்காகப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இப்போதும் அதே கடைசிப் படகுதான். அவசரமாகப் போய்ப் பார்க்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.

பரிசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்குக் கடைசிக் கால்பகுதியிலை அவை ஒண்டும் போடேல்லைத்தானே?"

"ஒண்டும் போடேல்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

தலையாட்டினாள். படகுக்காரன் கூப்பிட்டான். எழும்பிப் பையைத் தோளில் போட்டாள்.

"அப்பா ஃபோனிலை, நிண்டு விளையாடு பிள்ளை, ஒண்டும் விடாமல் நாளைக்கு வந்து சொல்லெண்டவர்" என்றாள். போய்ப் படகில் ஏறினாள்.

7

யூலியட்டின் பெயரைச் சொன்னால், அந்த வெற்றிக்கு அவள் கொடுத்த விலை சபை நடுவில் அவள் கையில் பரிசுக் கேடயமாக இருக்கும். சொல்லாவிட்டால், தகப்பன் ஆசையோடு நிற்கச் சொன்ன அந்தக் கால்பகுதி ஒன்றுக்கும் உதவாத ஒன்றாகிவிடும். இப்படித்தான் முடிக்கலாம் என்று நான் எழுதிய

இல்லை. என்னால் ஏலாது.

ரீச்சரின் கை யூலியட்டுக்கு, சேரின் கை பவதாரணிக்கு. மூன்றாவது கையை உங்களிடம் தருகிறேன். உயர்த்துங்கள், அல்லது என்னைப்போல மடியில் வைத்துக்கொண்டிருங்கள். எது செய்தாலும் பரிசளிப்பு நாளில் மண்டபத்துக்கு வாருங்கள். அந்தக் கால்பகுதியில் என்ன நடந்ததென்று அந்தப் பிள்ளை ஒன்றும் விடாமல் சொல்ல, கேட்க ஓர் ஆள் வேண்டும்.