காற்றுப் போட்ட கை

ஆர்மோனியப் பெட்டியை அறைக்குள்ளிருந்து தூக்கி வந்த வைத்திலிங்கத்தாரை, செத்தவரின் தமையன் அப்புத்துரை வாசலில் மறித்தார்.

"செத்தவீட்டிலை உதென்ன, கச்சேரியே?"

"மார்க்கண்டர் ஆசையா வைச்சிருந்த பெட்டி. ஒரு தேவாரம் வாசிச்சிட்டு வைக்கிறன்," என்றார் வைத்திலிங்கத்தார். கோயிலில் பாடுகிறவர் என்பதால் அதற்கு மேல் யாரும் மறிக்கவில்லை.

தலைமாட்டில் பரிமளம் இருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் புருஷனாய் இருந்தவர் பக்கத்தில் கிடக்க, அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கண்டு தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்து, ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தோடு சொந்த ஊரான மடத்துவெளிக்குத் திரும்பியவர். சும்மா இருக்க மாட்டாமல் ஆர்மோனியம் வாங்கினார். இரண்டு பாட்டுப் பழகுவதற்குள் பாரிசவாதம் காற்றுப் போடும் இடது கையை முடக்கிப்போட்டது. வேறு ஆளென்றால் பெட்டியை விற்றிருப்பார். இவர் பெண்சாதியைப் பெட்டிக்கு மறுபக்கம், துருத்திக்கு முன்னால் இருத்தினார்.

"நீர் காத்துப் போடும். நான் வாசிக்கிறன்."

இது கைக்கு வர எவ்வளவு காலம் செல்லும் என்று அவள் வைத்திலிங்கத்தாரிடம் கேட்டாள்.

"ஒராளுக்கெண்டால் ரெண்டு வரியம் காணும். ரெண்டாளுக்கு எனக்குத் தெரியாது, தங்கச்சி."

முதல் வருஷம் பெரும்பாடு. துருத்தியை இழுத்து அடித்தால் பெட்டி மாடு மாதிரிக் கத்தும்; அசந்தால் பாட்டு நடுவில் நின்றுபோகும். "எண்ணாதையும்! மூச்சு விடேக்கை எண்ணுறனீரோ?" என்று பாய்வார். மூன்றாம் வருஷம் எண்ணுவதை விட்டாள். பிறகு எப்போதென்று தெரியாது, இடது கையால் முருங்கையிலை உருவிக்கொண்டே வலது கையால் காற்றுப் போட்டாள். வேலிக்கு அங்காலே நிற்பவளோடு கதையும் நடக்கும், பாட்டும் பிசகாது. அதற்குப் பிறகு அலுத்தும் போனது.

நேற்றுக் காலையும் கூப்பிட்டார்.

"இண்டைக்கு ஏலாது. கை உளையுது," என்றாள். பச்சைப் பொய். அந்தக் கை வலித்து உளைந்து ஆறு வருஷமாயிற்று.

"சரி, கொஞ்சம் ஆறி இரும்."

குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது ஒரே ஒரு சுரம் அரைகுறையாய்க் கேட்டது. விட்டுவிட்டார் என்று நினைத்தாள். சோற்றோடு வந்து பார்த்தால் பெட்டியின்மேல் சரிந்து கிடந்தார். முடங்கிய கையைத் தூக்கித் துருத்தியில் வைத்திருந்தார். இதை யாரிடம் சொல்லி அழுவது?

வைத்திலிங்கத்தார் தேவாரத்தை எடுத்தார். தானே காற்றுப் போட்டுத் தானே வாசித்தார். சுத்தமான வாசிப்பு. அதற்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மகள் அம்பிகை, தாயின் மடியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

"என்னம்மா, கை உளையுதோ?"

பரிமளமும் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். வலது கை சேலைத் தலைப்பைப் பிடித்தபடி முன்னும் பின்னும் போய் வந்தது, ஓரிடத்திலும் பாட்டுக்குப் பிந்தாமல்.

"இல்லைப் பிள்ளை," என்றாள். "உளையேல்லை."

அம்பிகை அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்தாள். தேவாரம் முடியும் வரைக்கும் அது உள்ளே அசைந்துகொண்டிருந்தது.