நான்கு மாத்திரைக்கும் அடங்காத எரிச்சல்

அன்று காலை திருவொற்றியூர் குப்பத்து வீட்டுக்குள் இருந்தவர்கள் குடும்பத் தலைவர் சுப்புராயன், மனைவி கோவிந்தம்மா, சுப்புராயனின் தம்பி பக்தவச்சலம், நிச்சயத்துக்கு உட்கார வேண்டிய மகள் பவானி. ராயபுரத்திலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளத்துரையும் அவர் வீட்டாரும் வாசல் பந்தலில் அமர்ந்திருந்தார்கள். வேறு எவரும் இல்லை.

சுப்புராயன் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. தட்டு மாற்றும் வரை தகப்பன் சாப்பிடுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். நெஞ்செரிச்சல் என்று மாத்திரையை மட்டும் மென்றுகொண்டிருந்தார். அவரைப் போல விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதைப் பெப்பர்மின்ட் மாதிரி மெல்லுவார்கள்.

"எத்தினி துன்ன நைனா?" என்றாள் பவானி.

"ரெண்டு."

அவர் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். நான்கு குழி காலி.

அவள் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். மாத்திரையைப் பொடித்து அமிலத்தில் கரைத்து, மிச்சம் எவ்வளவு அமிலம் என்று சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு அளப்பது அவள் அன்றாட வேலை. மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஒரு மாத்திரையில் ஐந்நூறு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். வயிற்று அமிலத்தை நல்ல வீரியமுள்ளதாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மாத்திரை நூறு மில்லியை முறித்துவிடும். நான்குக்கு நானூறு. வெறும் வயிற்றில் நூறு மில்லி இருந்தாலே அதிகம். எங்காவது பிசகியிருக்க வேண்டும் என்று ஏங்கி மறுபடி போட்டாள். பிசகவில்லை.

"பட்டுப்புடவ கட்டிகினு இன்னாடி முணுமுணுக்குற?" என்றாள் கோவிந்தம்மா.

"நைனா வயித்துல இந்நேரம் புளிப்பே இருக்கக் கூடாதும்மா. அப்பால எரியறது இன்னா?"

"வாயுப் புடிப்பு," என்றார் சுப்புராயன். நெற்றி வேர்த்துக் கொட்டியது. இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தார். "தட்ட மாத்திட்டுப் பாத்துக்கலாம்."

"சித்தப்பா, நீயாவது மாத்தேன். நான் நைனாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

"அண்ணன் உசுரோட கீறப்போ நான் தட்டு மாத்துனா ஊரே காறித் துப்பும்மா," என்றார் பக்தவச்சலம்.

மணப்பெண்ணே எழுந்து போய் நிறுத்தினால் குப்பம் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா தூக்கப் போன தட்டு சாய்ந்து, குங்குமம் சரிந்தது. அவள் பந்தலுக்கு நடந்தாள்.

"மாமா, வேன் சாவி குடுங்க. நைனாவுக்கு நெஞ்சு வலி."

வெள்ளத்துரை எழுந்தார். "சாவி இன்னாத்துக்கு? நானே ஓட்றேன். சம்பந்தி, கௌரவத்த அப்பால பாத்துக்கலாம், வண்டில ஏறுய்யா!"

ஆஸ்பத்திரியில் இருதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அன்றே சரிசெய்தார்கள்.

பவானிக்கு வேறு பையன் இருந்தான், அதனால்தான் நிச்சயத்தை நிறுத்தினாள் என்று காசிமேடு வரைக்கும் பேச்சு உலவுகிறது. அது பொய். தகப்பனுக்கு மாரடைப்பு வந்ததால் நிறுத்தினாள். நிச்சயம் அடுத்த மாதம், அதே மாப்பிள்ளையோடு நடந்தது.