பீரோ வருகிற வழி

"அதுல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற, சித்தப்பா."

சித்தப்பா ஸ்டூலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அப்படியே நின்றார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று நடைவழியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசியவளுக்கும் அது தெரியும். அதற்காக வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை அவள். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அத்தை அவளுக்கு வைத்த பெயர் டிகிரி. கொஞ்சினாலும் டிகிரிதான், திட்டினாலும் டிகிரிதான். அந்த அத்தை விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். இப்போது உள்ளறையில், வெள்ளைத் துணி போர்த்தி, ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். வண்டி கீழே வந்து நின்றுகொண்டிருந்தது.

"வழிய மறிச்சிக்கிட்டு இருக்கு. எடுத்துத்தான ஆகணும்?" என்றார் சித்தப்பா.

மறித்துக்கொண்டிருந்தது ஒரு மரப்பலகை. நடைவழிச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்திருந்தது. அதன்மேல், பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி டிகிரி கட்டிய கலங்கரை விளக்கம், ரயில் நிலையம், மாடி வைத்த புத்தகக் கடை. நடுவில் பாய்மரக் கப்பல். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டியது. அவசரத்தில் யாராவது இழுத்து இறக்கினால் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"சின்னப் பிள்ளைங்க விளையாடற சாமான். இத எறக்கினா குடியா முழுகிடும்?"

"பெட்டி மேல பதினெட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு சித்தப்பா. எடுத்துட்டு வரவா, படிக்கிறீங்களா?"

"இன்னிக்கி ஒரு நாளாச்சும் வாய அடக்குடி," என்றாள் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

டிகிரியின் கோபம் சித்தப்பாவோடு முடிகிற கோபம் இல்லை. சம்பளம் வந்த அன்றைக்கே வாடகை, தம்பியின் பைக் தவணை, அம்மாவின் கண் வைத்தியம் என்று ஆளுக்கொரு கை நீண்டுவிடும். தம்பி பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் வயசுக் கோளாறு. அவள் ஒரு கட்டைப் பெட்டி வாங்கினால் திமிர். அந்த வீட்டில் அப்படி நினைக்காத ஒரே ஆள் அத்தை. "மொதல்ல உனக்குன்னு எடுத்து வைடி. மிச்சத்த எங்களுக்குக் குடு. எவ்வளவு குடுத்தாலும் நாங்க பத்தலன்னுதான் சொல்லப்போறோம்," என்பாள்.

கடையில் மூலை நசுங்கிப்போன பெட்டிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். டிகிரி அதற்கென்றே காத்திருந்து வாங்குவாள். பெட்டி வீட்டுக்கு வரும் நேரம் அவள் அலுவலகத்தில் இருப்பதால், கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது அத்தையின் வேலை. ஒருமுறை அம்மா பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, கலகலன்னு சத்தம் வருது?"

"என் முட்டிவலி மாத்திரை."

"இத்தனையுமா?"

"ரெண்டு முட்டி இருக்கில்ல?"

கட்ட இடம் கொடுத்ததும் அத்தைதான். அந்தக் கட்டடத்தில் இருக்கிற வீட்டுத் துணிகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டுச் சம்பாதித்தவள். சாயங்காலம் கடைசிச் சட்டையை மடித்து வைத்ததும் இஸ்திரி மேசையை டிகிரிக்கு விட்டுவிடுவாள். மேசையில் விரித்த கம்பளியில் சூடு ஆறியிருக்காது. பொடிப்பொடித் துண்டுகள்கூட அதில் உருண்டோடாமல் கிடக்கும். காலையில் மறுபடி துணி வந்துவிடுமே என்று, பாதி கட்டிய கப்பலை அத்தையே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தன் கட்டிலில் வைத்துவிட்டு, "புள்ள தூங்குது, யாரும் உள்ள போகாதீங்க," என்று கதவைச் சாத்துவாள்.

பலகை விஷயத்தில் மட்டும் டிகிரிக்கு அத்தைமேல் மனக்குறை.

அந்தச் சுவரோரம் முன்பு ஒரு பெரிய பீரோ இருந்தது. வாசலைத் தாண்டியதும் படிக்கட்டின் கைப்பிடி. தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் அதற்கு மேலாக நீளமான எதையும் திருப்ப முடியும். அப்பா இறந்த அன்று பீரோ அதற்கு இடம் விடவில்லை. கடைசியில் அப்பாவை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கட்டி, நிற்க வைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்து ஓய்ந்ததும் அத்தை பீரோவை விற்றாள். "அந்தச் சொவத்த டிகிரி எடுத்துக்கட்டும்," என்றாள்.

கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி பலகை அடிக்க வேண்டும் என்று டிகிரிக்கு ஆசை. தச்சர் வந்த அன்று அத்தை அவரைப் படுத்தி எடுத்துவிட்டாள். இன்னும் மேல, இன்னும் மேல என்றாள். அதோடு விட்டாளா? இஸ்திரி மேசையின் கால்களைக் கழற்றச் சொல்லி, மேல்பலகையில் இரண்டு தலையணையை அடுக்கி, ஒரு பக்கம் தச்சரும் ஒரு பக்கம் தம்பியுமாகத் தோளில் வைத்து வாசல்வரை நடக்க வைத்தாள்.

"இது என்னம்மா கூத்து?" என்றார் தச்சர்.

"நாளைக்கே ஒரு பீரோ வாங்கினா வழி வேணும்ல?"

"பீரோவ நிக்க வச்சுக் கொண்டாந்துட்டாப் போச்சு."

"நிக்க வச்சுத் தூக்கிட்டுப் போறது எனக்கு ஆகாதுப்பா."

தலையணைக்கு மேலே ஒரு சாண் விட்டு, ஸ்டூலில் ஏறி, சுவரில் அவளே பென்சில் கோடு போட்டாள். பலகை அங்கேதான் ஏறியது. அதன்பிறகு தன் கப்பலைத் துடைக்கவே டிகிரி ஸ்டூல் போட வேண்டியிருந்தது. ஏறும்போதெல்லாம் கேட்பாள், "எங்க அத்தை உன் பீரோ? இன்னும் காணோம்?"

"வர்றப்ப வரும். அதுக்கு என்ன இப்ப அவசரம்?" என்று அத்தை பொக்கை வாயால் சிரிப்பாள்.

"ஆளுங்க கீழ காத்துக்கிட்டு நிக்கிறாங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா இப்போது இன்னொரு காலையும் ஸ்டூலில் ஏற்றினார். கப்பலை நோக்கிக் கை நீண்டது.

"எறங்குங்க சித்தப்பா," என்றான் தம்பி. தூக்குகிற ஆட்களோடு அப்போதுதான் மேலே வந்திருந்தான். "அத எடுக்க வேணாம்."

"இடிக்கும்டா."

"இடிக்காது. அன்னிக்கி மேசை தலகாணியோடவே போச்சு."

டிகிரி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக நிமிர்ந்தாள். பலகைக்கு அடியில் பென்சில் கோடு அழியாமல் இருந்தது, நடுவில் கொஞ்சம் கோணலாக.

சித்தப்பா இறங்கியதும் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நல்லா தோளுக்குத் தூக்குங்கண்ணா," என்றாள் ஆட்களிடம். "பயப்படாதீங்க. எடம் இருக்கு."

முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஸ்ட்ரெச்சர் அறையைவிட்டு வந்தது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வந்தது. ரயில் நிலையத்தைத் தாண்டியது. சித்தப்பா தன்னை அறியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் முகத்தை மூடிய துணிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் கூடவே நகர்ந்து போயிற்று. வாசலில், கைப்பிடிக்கு மேலாக, படுத்தபடியே அத்தை திரும்பினாள்.

"தாராளமா இருக்குங்க," என்றார் பின்னால் போன ஆள்.

படிக்கட்டிலிருந்து காற்று உள்ளே வந்தது. பலகையின் மேல் கப்பலின் துணிப்பாய் ஒருமுறை உப்பி, தணிந்தது.