அடிக்குரல்

அரக்கு உடம்பில் மயில்கழுத்துக் கரையைத் தனியாகக் கோத்து நெய்த சேலையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி, "இது கோர்வைக் கரை மேடம்" என்று அகிலா சொன்னபோது 'கோ' மட்டும்தான் வந்தது. மிச்சம் காற்றாகப் போனது. எதிரே ஸ்டாண்டில் இருந்த போன் வழியாக நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருமிவிட்டு மறுபடி முயன்றாள். இந்த முறை 'கோ'வும் வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற முதலாளி பஞ்சாட்சரம், சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார்.

கொரோனாவில் ஆட்கள் காஞ்சிபுரம் வருவது நின்றபோது அந்தப் பட்டுக்கடையில் லைவ் விற்பனை தொடங்கியது. அன்றிலிருந்து அகிலாதான் பேசுகிறாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்தரம் இரண்டு மணி நேரம். நடுவில் வெளியூர் போன்கள். கையில் சேலை இருப்பதால் போன் எப்போதும் இடது தோளுக்கும் காதுக்கும் இடையில் இருக்கும். அவளுடைய இயல்பான குரல் தடித்தது. பள்ளியில் பிரேயர் பாடும் வரிசையிலிருந்து அவளை விலக்கி நிற்கவைத்த குரல். முதல் வாரமே பஞ்சாட்சரம், "ஆம்பள பேசறாப்ல இருக்குதுமா, கொஞ்சம் மேல தூக்கிச் சிரிச்சிக்கினே பேசு" என்று சொல்லியிருந்தார். தூக்கினாள். அந்தத் தூக்கிய குரலைத்தான் ஊர் உலகம் அவளுடையது என்று நம்பியது. போகப்போக அவளும் நம்பிவிட்டாள்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாண் சுத்தமாக இருக்கிறது, கட்டி எதுவும் இல்லை, கழுத்துத் தசைகள்தான் குரலை நெரிக்கின்றன என்று சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார். அகிலாவுக்குக் கோபம் வந்தது. குரல் போனதற்குக் கழுத்தைப் பிடித்துவிடுவார்களாமா? ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் கதிர்வேல், பேசிப் பேசித்தான் இப்படி ஆச்சு, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றான். வீட்டில் இருப்பது என்றால் வேலையே போவது என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே பிசியோதெரபிக்குக் கிளம்பிப் போனாள்.

பிசியோதெரபிஸ்ட் சத்யப்ரியா அவளைவிடச் சின்னவள். குரல்வளையின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். இடமும் வலமும் நகரவேண்டியது, தாடைக்கடியில் ஏறி ஆணி அடித்த மாதிரி நின்றது. தொட்ட இடத்து வலி காது வரைக்கும் பாய்ந்தது. அகிலா அவள் கையைத் தட்டிவிட்டாள். சத்யப்ரியா கோபித்துக்கொள்ளவில்லை, எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்று மட்டும் சொன்னாள். அகிலா வாரம் இரண்டு நாள் போனாள். தோள், பிடரி, தாடை எல்லாவற்றையும் தளர்த்தப் பயிற்சி. பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சி தருபவர், தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி ஊதச் சொன்னார்.

நாலாவது வாரம், சத்யப்ரியாவின் விரல்கள் குரல்வளையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்க, அகிலா 'ம்' என்றாள். நெஞ்சுக்கூடு அதிர ஒரு சத்தம் வந்தது. பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது என் பழைய குரல்ங்க. நல்லா இல்ல, இல்ல?"

"வலிச்சிதாக்கா?"

"இல்ல."

"அப்ப இதான் உங்க குரல்."

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டாள். நகைக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை என்று போர்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. வீட்டு வாசலில் நின்று கதிர்வேலைக் கூப்பிட்டாள். அவன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டான். கல்யாணமான புதுசில் இப்படித்தான் பேசுவ, மறந்தே போயிட்டேன் என்றான். பிறகு வீட்டில் இரு என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது பஞ்சாட்சரத்துக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. இதற்குள் சந்தியா என்ற பெண்ணைப் பேச வைத்திருந்தார். அகிலா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றால் போதும் என்றார். பேசியே ஆகவேண்டுமென்றால் முன்போல் தூக்கிய குரலோடு வரட்டும், கஸ்டமர்கள் அந்தக் குரலுக்குத்தான் வருகிறார்கள் என்றார்.

"அந்தக் குரல்தான் என் கழுத்த நெரிச்சிது சார். அது வராது. வந்தாலும் நான் பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு வாடாமல்லிச் சேலையை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டின் முன்னால் போய் நின்றாள். சந்தியா ஒரு கணம் முதலாளியைப் பார்த்தாள், பிறகு தானாக நகர்ந்து வழிவிட்டாள். அகிலா லைவைப் போட்டு வணக்கம் சொன்னதும், உடம்பு சரியில்லையா என்று ஒருவர் எழுதினார். வேறொருவர், யாரோ ஆண் டப்பிங் பேசுவதாக எழுதிச் சிரித்தார். அகிலா அதைச் சத்தமாகப் படித்தாள்.

"நல்லா இருக்கேன் மேடம். இதான் என் குரல். சேலையப் பாருங்க."

பஞ்சாட்சரம் போய் விளக்கை அணைத்தார். அகிலாவின் முகமும் சேலையும் திரையில் கறுத்துப்போயின. அவள் போனோடு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, படியில் ஊன்றினாள். பட்டின் நிறத்தை வெயிலில்தான் பார்க்கணும் என்றபடி முந்தானையை உதறி விரித்தாள். வாடாமல்லி நிறம் தெரு முழுக்கத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் பஸ் ஒன்று ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அகிலா அந்த ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தவில்லை. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, காற்றில் படபடத்த சேலையைப் பிடித்துக்கொண்டு, பஸ் போகட்டும் என்று நின்றாள்.