ஒன்றையொன்று கேட்கும் பொதிகள்

ப்ளோவ்திவ் நகரத் தையல் ஆலையின் வெட்டுக்கூடத்தில் பதினோரு பெண்கள் மின்கத்தரிகளை வைத்துவிட்டுக் கறுத்த திரைகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். துணி மேசைகளில் விரித்தபடியே கிடந்தது. எங்கே வெட்டுவது என்று திரைதான் கோடு போட்டுக் காட்டவேண்டும். தலைமை அலுவலகத்தின் உத்தரவுப்படி காலை ஏழு மணிக்குத் தொடங்கிய மென்பொருள் மேம்படுத்தல் பாதியில் நின்றுபோயிருந்தது. மணி பத்தரை.

ஆலைக்கு இருந்த ஒரே கணினிக்காரி ஸ்லாவ்கா, நான்காம் மேசை அருகே விசைப்பலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அது அவள் அக்கா பென்காவின் மேசை. நாளுக்கு இத்தனை துண்டு என்ற அளவு குறைந்தால் பெயர் சிவப்பில் விழும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பென்காவுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது.

"என்னடி சொல்லுது?" என்றாள் பென்கா.

"படம் வரையுற மென்பொருள் பொதிய ஏத்தப் போனா, வீடியோ பொதி முதல்ல வேணுங்குது. சரின்னு அங்க போனா, படம் வரையுறது இருந்தாத்தான் நான் வருவேங்குது."

"ரெண்டு சம்பந்தியும் வாசல்ல நின்னு, நீங்க போங்க, நீங்க போங்கன்னா நாம எப்ப சாப்பிடுறது?" என்றாள் அடுத்த மேசை கினா. கூடமே சிரித்தது.

ஸ்லாவ்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கியும், கணினியை இயக்கும் லினக்ஸ், எந்தப் பொதிக்கு எது வேண்டும் என்ற அதே பட்டியலைத்தான் நீட்டியது. இந்த முறை அதை வரிவரியாக வாசித்தாள். படப்பொதி வீடியோவைக் கேட்பது ஒரே ஒரு வசதிக்காக. அது இல்லாமலும் படப்பொதி நிற்கும்.

"அக்கா, அந்த வசதிய மட்டும் நிறுத்திட்டு இத அரைகுறையா கட்டிடுறேன். அத வச்சு வீடியோவ ஏத்திட்டு, அப்புறம் இத முழுசா கட்டுறேன்."

"நம்ம வீடு மாதிரி சொல்லு. ஜன்னலே வைக்காம குடிபோனோமே."

"அதேதான்."

நான்காம் மேசைத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. பெண்கள் பானிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றபடி சுற்றி நெருக்கினார்கள். முதல் கட்டு முடிந்தது. வீடியோ பொதி ஒரு வார்த்தை மறுக்காமல் ஏறிக்கொண்டது. மறுபடி படப்பொதி, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று கினா உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். நூறு வந்ததும் பதினோரு திரைகளும் ஒன்றாக விழித்தன. வெள்ளைக் கோடுகளில் சட்டைக் கைகள் பளிச்சென்று நின்றன. பென்கா தங்கையை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். ஸ்லாவ்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கூடத்துக்கு வந்த மேற்பார்வையாளர் கிரிலோவ், "பலே, கெட்டிக்காரி" என்றார். கத்தரிகள் உறுமத் தொடங்கின.

அப்போதுதான் திரையின் உச்சியில் புது மென்பொருள் ஒவ்வொரு பெயருக்கும் துண்டுக் கணக்கைக் காட்டும் ஒரு பட்டை வரைந்தது. பழையதில் அது கிடையாது. ஸ்லாவ்கா கிட்டே போய்ப் பார்த்தாள். கணக்கு ஏழு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"சார், திரை நின்ன நேரத்தக் கழிக்கணும்ல?"

"அது தலைமை அலுவலகத்துக் கணக்கும்மா. அதுல நாம கை வைக்க முடியாது. உன் வேலைய நீ நல்லா செஞ்சிருக்க."

பென்கா குனிந்து, கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே அவள் பெயர் சிவப்பில், துளிப் பிசிறில்லாமல், கொஞ்சமும் நடுங்காமல் நின்றது.