பிஸ்கட்டின் மோவாய்

ஆர்டிஸ் டோலெஃப்சன் வீட்டுப் பூனை பிஸ்கட்டுக்கு முகப்பரு வந்திருக்கிறது என்கிற செய்தி, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி ஆறுவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. சுற்ற வைத்தவள் டெலோரஸ். ஆர்டிஸின் உயிர்த்தோழி. யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கும் விஷயத்தை ஆர்டிஸ் முதலில் அவளிடம்தான் சொல்வாள்.

"பூனைக்குப் பருவா? யாருக்காச்சும் காதல் கடிதம் எழுதுதான்னு பாருடி."

"சிரிக்காதே டெலோரஸ். தாவாங்கட்டை வீங்கிப் போய் ரத்தம் கசியுது. சாப்பிடும்போதே முனகுது."

ஆரம்பத்தில் அது வெறும் கரும்புள்ளிகள்தான். பிஸ்கட்டின் வெள்ளை மோவாயில் யாரோ காப்பித்தூளைத் தூவியதுபோல் இருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள் ஆர்டிஸ். போகவில்லை. தன் பதினாறு வயதில் தன் கன்னத்துக்குச் செய்ததையே பூனைக்கும் செய்தாள், அழுத்திப் பிதுக்கினாள். அதன் பிறகுதான் வீக்கம்.

பக்கத்து ஊர் மிருக வைத்தியர் பிரிகிட் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "பிதுக்கினீங்களா?"

"லேசா."

"இனிமே கையே வைக்காதீங்க. மனுஷங்க போடுற பரு களிம்பு, எண்ணெய்ப் பசை எதுவும் கூடாது, அது துவாரத்தை இன்னும் அடைக்கும். தினம் வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் கொடுங்க. இந்த மருந்துத் துணியால துடைங்க. ஆமா, எதுல சாப்பாடு வைக்கிறீங்க?"

"பிளாஸ்டிக் கிண்ணத்துல."

"அதுதான். பிளாஸ்டிக்கில கீறல் விழும், கீறல்ல கிருமி உக்காந்துக்கும். தூக்கிப் போட்டுட்டு எவர்சில்வரோ கண்ணாடியோ வைங்க. தினமும் கழுவுங்க. அப்படியும் அடங்கலைன்னா மாத்திரைதான்."

மாத்திரை மட்டும் வேண்டாம் என்றாள் ஆர்டிஸ். முன்பு ஒரு தடவை பூச்சி மாத்திரை கொடுக்கப் போய், திரைச்சீலை கிழிந்து, மாத்திரை சோஃபாவுக்கு அடியில் கிடைத்த கதை ஊருக்கே தெரியும்.

அன்றைக்கே பிளாஸ்டிக் கிண்ணம் குப்பைக்குப் போனது. கண்ணாடித் தட்டு வந்தது. மாலைதோறும் பிஸ்கட்டைத் துண்டில் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தாள். அவள் மடியை விட்டு இறங்காத பூனை, இப்போது குழாயில் வெந்நீர் விழும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவள் முழங்கையெல்லாம் கீறல். மோவாய் மட்டும் ஆறவில்லை. புள்ளிகளுக்கு மேல் புதுப் புள்ளிகள், அவற்றின் மேல் என்னவோ ஒரு பிசுபிசுப்பு.

"வேற எங்கேயாவது சாப்பிடுதா?" என்று தொலைபேசியில் கேட்டாள் பிரிகிட்.

"என் பூனையா? என்ன பேசுறீங்க!"

தபால் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் ஆர்டிஸ். யார் வீட்டுக்கு யார் கடிதம் போடுகிறார்கள், யார் போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொந்தப் பூனை காலையில் எங்கே போகிறது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மறுநாள், பறவை பார்க்க வாங்கி இதுவரை அண்டை வீடுகளை மட்டுமே பார்த்திருக்கும் தொலைநோக்கியோடு சமையலறை ஜன்னலில் நின்றாள். பிஸ்கட் வேலியைத் தாண்டியது. வெர்லின் ஹாகன் வீட்டுப் பின்படியில் ஏறியது. அங்கே வெர்லின் உட்கார்ந்திருந்தார். காலடியில், விளிம்பெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் மார்ஜரின் டப்பா. அதற்குள் மோவாய் புதைய மீனைத் தின்றுகொண்டிருந்தது அவள் பூனை.

டப்பாவைவிட அவளைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. வெர்லினின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மாடுகளை விற்றுவிட்டு மனைவி லோர்னாவோடு ஊருக்குள் குடிவந்தவர். போன இலையுதிர்காலத்தில் லோர்னா இறந்துபோன பிறகு அவர் யாரோடும் பேசி யாரும் பார்க்கவில்லை. தேவாலயத்தில் தலையசைப்பார், அவ்வளவுதான். இங்கே பூனையிடம் நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நேராகப் போய், 'டப்பாவை மாத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் அப்படியெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஆர்டிஸ் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காலிக் கிண்ணத்தில் பூனைக்கு வைக்கலாமே என்று மனிதருக்குத் தானாகத் தோன்றும் என்பது திட்டம்.

கிண்ணம் பளபளவென்று கழுவப்பட்டு மறுநாளே திரும்பி வந்தது. உள்ளே ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக் துண்டுகள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. லோர்னாவின் கேக்கை வெர்லின் தன் ஞாபகத்திலிருந்து செய்திருந்தார். சர்க்கரை அந்த ஞாபகத்தில் இல்லை.

ஆர்டிஸ் மறுபடி நிரப்பி அனுப்பினாள். மறுபடி ருபார்ப் வந்தது. "கிண்ணத்தை நீங்களே வச்சுக்கோங்க வெர்லின்" என்றாள். "அதெப்படி?" என்று தலையை ஆட்டி மறுத்து, மறுநாள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்.

"கிண்ணம் போறதும் வர்றதுமா இருக்கே, எப்போடி கல்யாணம்?" என்றாள் டெலோரஸ்.

"வாயை மூடு. அந்தக் கேக்கைத் தின்னு பாரு, அப்புறம் பேசு."

ஒரு வாரம் பூனையை வீட்டுக்குள் பூட்டிப் பார்த்தாள். அது ஜன்னலில் ஏறி நின்று ஊளையிட்டது. எதிர்ப்பக்கம் வெர்லின் டப்பாவோடு படிக்கு வந்தார், காத்திருந்தார், வேலிவரை நடந்து எட்டிப் பார்த்தார், திரும்பினார். மறுநாளும் அதே. வாரம் முடிவதற்குள் ஆர்டிஸே கதவைத் திறந்துவிட்டாள். ஆறத் தொடங்கியிருந்த மோவாய் மறுபடி சிவந்தது.

கடைசியில் ஒரு காலையில் துணிந்து வேலியைச் சுற்றிப் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். படியில் வெர்லின், மடியில் பிஸ்கட்.

"வெர்லின், இந்தப் பூனை விஷயமா..."

"நானே சொல்லணும்னு இருந்தேம்மா. நீ மனசு சங்கடப்படுவியேன்னு சொல்லலை." இத்தனை வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்ததே அவளை நிறுத்திவிட்டது. "இதோட தாவாங்கட்டை சரியில்லை. பார்த்தியா நீ?"

"பா... பார்த்தேன்."

"பயப்படாதே. நான் வைத்தியம் பண்ணிட்டு இருக்கேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தார். பசுவின் மடி வெடிப்புக்குத் தடவும் மஞ்சள் களிம்பு. பண்ணைக்காரர்கள் அதை வெடித்த கைக்கும் குதிகாலுக்கும் கதவுக் கீலுக்கும் போடுவார்கள். "நாப்பது வருஷம் மாட்டுக்குப் போட்டது. தினம் காலையில நல்லா அப்பி விடுறேன்."

பிசுபிசுப்பு எங்கிருந்து வந்தது என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. பருவுக்குப் பாதிக் காரணம் டப்பா, மீதிப் பாதி இந்தக் களிம்பு. இவர் காலையில் அப்புவதைத்தான் அவள் மாலையில் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் தடித்த விரலில் களிம்பைத் தோண்டி மோவாயில் தடவினார். பிஸ்கட் கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக் காட்டியது. துண்டு வேண்டியிருக்கவில்லை, கீறலும் இல்லை. ஆர்டிஸ் தன் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வெர்லின், டாக்டர் என்ன சொல்றாங்கன்னா, எண்ணெய்ப் பசை..."

"டாக்டருங்க சொல்வாங்க." அவர் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "லோர்னாவுக்கு அவங்க சொன்னதெல்லாம் தடவினேன். ஒண்ணும் கேக்கலை. இதுக்காவது என் கையில கேக்குதே. கொஞ்சம் தேவலைதானே?"

அவள் பார்த்தாள். தேவலை இல்லை. புதிதாக ஒரு கொப்புளம் வேறு.

"ஆமா," என்றாள் ஆர்டிஸ். "கொஞ்சம் தேவலைதான்."

"உள்ளே கேக் இருக்கு, எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரிகிட்டை அழைத்து மாத்திரைக்குச் சொல்லி வைத்தாள். மாலையில் வெந்நீர் பிடித்தாள். பிஸ்கட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் வெளியே தள்ளி, துண்டில் சுருட்டி, மஞ்சளாக மினுங்கிய மோவாயில் துணியை வைத்தாள். அது அவள் கட்டைவிரலைக் கடித்தது. தொலைபேசி அடித்தது. வெர்லின். லோர்னா போன பிறகு அவர் ஒருவரை அழைப்பது அநேகமாக இதுதான் முதல் தடவை.

"ஆர்டிஸ், ஒரு சந்தேகம். நான் நல்லா அப்பித்தான் அனுப்புறேன். காலையில வரும்போது தாவாங்கட்டை வறண்டு போய் வருது. நீ ஏதாச்சும் பண்றியா?"

துண்டுக்குள் பூனை திமிறியது. ஈரத் துணியிலிருந்து அவள் பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லையே வெர்லின்."

"அதானே பார்த்தேன். சரிம்மா, நாளையிலேருந்து இன்னும் கொஞ்சம் கூடவே போடுறேன்."