பின்னோக்கி ஓட்டிய கழுத்து

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன் நான். முன்னால் தூக்கிய பெட்டிகள் வானத்தையே மறைக்கும், வழி தெரியாது. நாள் முழுக்க வலது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். ஓட்டிய தூரத்துக்கு நிலாவுக்கே போய் வந்திருப்பேன், அதுவும் பின்னோக்கியே. கழுத்தெலும்பில் இடப்பக்க மூட்டுகள் இன்னும் புதுமாப்பிள்ளைபோல் மினுக்குகின்றன. வலப்பக்கம் தேய்ந்து, முள் முளைத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கம் யாராவது கூப்பிட்டால் பீரோவைத் திருப்புவதுபோல உடம்பையே திருப்ப வேண்டும்.

என் கழுத்து தொலையட்டும். இப்போது அதே வண்டியில் என் மகள். அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது. சுழலும் இருக்கை கேட்டாள். 'வேலையால் வந்தது' என்று கம்பெனி டாக்டர் எழுதினால்தான் தருவார்களாம். அந்த மகராசன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தலையணையை மாத்தும்மா" என்று அனுப்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்து, கையோடு அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா, வம்பு பண்ணாதீங்க."

"நான் பச்சைப்புள்ளைம்மா."

படத்தின் மூலையில் இருந்த பெயரையும் வயதையும் கட்டைவிரலால் மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் நானே தூக்கிப் பிடித்தேன். டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வயசானா இதெல்லாம் சகஜம் பெரியவரே. தேயத்தான் செய்யும்."

"எத்தனை வயசுக்கு?"

"எழுபது இருக்குமா?"

விரலை எடுத்தேன். "முப்பத்தொண்ணு. இதோ நிக்கிறாளே, இவ கழுத்து."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாடினது நீங்க! படத்தையா பாத்தீங்க? என் நரைச்ச மண்டையைப் பாத்தீங்க. அவளுக்குத் தலையணை, எனக்கு வயசு. அடுத்து வர்றவனுக்கு என்ன, கிரகக் கோளாறா?"

அவர் முகம் சிவந்த சிவப்பில் கிடங்கின் அபாய விளக்குகள் அத்தனையும் தோற்றுப்போயின. வெடுக்கென்று படத்தைப் பிடுங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். அப்புறம்தான் மகள் பக்கம் திரும்பினார். கழுத்தைத் திருப்பி அல்ல, நாற்காலியோடு, வெண்ணெயில் வழுக்குவதுபோல, அப்படியே சுழன்றார்.

"எந்தப் பக்கம் பாத்து ஓட்டுவீங்க?"

அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"வலப்பக்கம் சார்," என்றாள் கடைசியில். "எங்க சீட்டு சுத்தாது."

டாக்டர் தன் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்.